கண்ணியில் நின்ற சாம்பற் குதிரை

மாலோட்டி மலைத்தொடரின் மேலைச் சரிவில், குளிர்காலம் போகலாமா இருக்கலாமா என்று தயங்கி நின்ற ஒரு பின்மாலைப் பொழுதில், கதிரவன் தன் எஞ்சிய வெம்மையைக் கருமியின் கையிலிருந்து விழும் பிடிசோறு போலச் சிந்திக்கொண்டு சாய, காய்ந்த புல்லால் பழுப்பேறிய குன்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக நிழலுக்குள் இறங்க, கல்லடுக்கி எழுப்பிய வட்டக் குடில்களின் கூரை வழியே வறட்டிப் புகை கசிந்து, ஹா போலோகோ என்னும் சிற்றூரின்மேல் மெல்லப் பரந்தது. ஓடையின் ஓரத்தில் காலையில் உறைந்த நீர் இன்னும் உருகியிருக்கவில்லை. இத்துணை அமைதி பொருந்திய ஊரில் பகைக்கு இடமேது என்று நினைப்பீராயின், படிப்போரே, நீவிர் சிற்றூரில் வாழ்ந்தறியாதவர் என்றே கொள்வேன்.

ஊர்ப்பொட்டலின் ஓரத்தில், கரிய பொலிகுதிரையொன்றின்மேல், தடித்த போர்வையைக் கழுத்தருகே ஊசியிட்டு இறுக்கி, கூம்புத் தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டு அமர்ந்திருந்தான் லெதூக்கா. ஊர்த்தலைவர் போலோகோவின் குதிரைகளைப் பழக்கும் உரிமை அவன் தந்தைக்குப்பின் அவனுக்கே வந்தது; அவ்வுரிமையை நீக்கிப் பார்த்தால் அவனிடம் எஞ்சுவது நாலைந்து மாடும், ஏறியிருந்த அக்குதிரையும், ஒரு போர்வையும், ஓர் உரத்த குரலுமே. அவன் குதிரை பழக்கும் முறையோ ஊரறிந்தது: கயிறெறிந்து வீழ்த்துவான், நால்வரை அதன்மேல் உட்காரச் செய்வான், நான்கு கால்களையும் சேர்த்துக் கட்டுவான், அது கதறி ஓயும்வரை அதன் செவியருகே நின்று அதட்டுவான். "என் குரலக் கேட்டா எந்தக் குதிரையும் நடுங்கும்" என்று கள் கலயத்தருகே அவன் சொல்லாத நாளில்லை. அது உண்மையுங்கூட. மின்னல் என்று பொருள்படும் லெஹாலிமா என்னும் பெயர்கொண்ட அக்கரிய குதிரைகூட அவன் தொண்டையைச் செருமினாலே உடல் சிலிர்க்கும். அதை அவன் உயிரினும் மேலாக நேசித்தான். அது நடுங்குவதையும் நேசத்தின் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டான்.

அவன் கண்கள் பொட்டலின் நடுவே நின்ற ஒரு பெண்ணின்மேல் முள்ளாய்க் குத்தி நின்றன. அவள் மாலினேயோ, அவனுடைய மாண்டுபோன அண்ணனின் மனைவி. அண்ணன் இறந்தால் அவன் மனைவியைத் தம்பி ஏற்பது அவ்வூர் வழக்கம். ஏற்க அவன் ஆயத்தமாக வந்தான், அவளோ மன்றத்தின் நடுவே எழுந்து, "நான் புதுப்பொண்ணா வந்தப்ப என் சட்டியில புளிச்ச கூழு வாங்கிக் குடிச்சிட்டு மூக்க ஒழுகவிட்டு நின்ன பய. இவனுக்கு நான் பொண்டாட்டியா?" என்று கேட்டுவிட்டாள். மன்றம் முழுதும் தொடைதட்டிச் சிரித்தது. நான்கு குளிர்காலங்கள் கடந்தும் அச்சிரிப்பு லெதூக்காவின் காதைவிட்டு இறங்கவில்லை.

அவள் தன் சாம்பல்நிறக் குதிரைக்குத் தளை பழக்கிக்கொண்டிருந்தாள். கற்பலகை என்னும் பொருளில் அதனை லெட்லாபா என்று அழைப்பாள். கொழுப்புத் தடவி மென்மையாக்கிய தோல்வாரை அதன் முன்காலின் குளம்புக்குமேல் வளைத்து, முனையைக் கையில் பிடித்து மெல்ல இறுக்குவாள். குதிரை இழுத்தால் அவளும் விடாமல் பிடித்திருப்பாள். அது இழுப்பதை நிறுத்திய அந்நொடியே வாரைத் தளர்த்திக் கழுத்தைத் தடவுவாள். இழுத்தால் இறுகும், நின்றால் தளரும் என்பதைத் தவிர வேறெதையும் அவள் கற்பிக்கவில்லை. "மூச்சு விடுடா, மூச்சு விடு, நான் இருக்கேன்" என்று, பிள்ளையை உறங்கவைப்பவள் போல, ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணி, குதிர வளக்கிறீங்களா, ஆடு வளக்கிறீங்களா? தாலாட்டுக்குப் பொறவு பால் குடுப்பீங்களோ?" என்று லெதூக்கா உரக்கக் கேட்டான்.

அவள் திரும்பவில்லை. "உன்னை வளத்ததுக்கு ஆடே வளத்திருக்கலாம், தம்பி. நன்றியாச்சும் இருந்திருக்கும்."

"கால்ல கயித்தப் பாத்தா திமிறணும். அதுக்குப் பேருதான் குதிர. இது செத்த பொணம் மாதிரி நிக்குது."

"தலைவர் மகன் ஏறின குதிர நல்லாத்தான் திமிறுச்சு. இடுப்பு ஒடிஞ்சு படுத்திருக்கானே, போய் அவங்கிட்டச் சொல்லேன்."

அச்சொல் சுடவேண்டிய இடத்திலேயே சுட்டது. அறுவடைக் காலத்தில், லெதூக்கா பழக்கிய குதிரையொன்று, புல்லில் கிடந்த பழங்கயிறு காலிற் சுற்றிய அளவிலேயே, அன்று தன்மேல் நால்வர் அமர்ந்ததை எண்ணியோ என்னவோ, வெறிபிடித்துத் துள்ளித் தலைவரின் மகனைப் பாறைமேல் வீசியெறிந்தது. அதனால்தான் தலைவர் அன்று காலை மன்றத்தைக் கூட்டி, நாளை மறுநாள் காலை லெதூக்காவும் மாலினேயோவும் ஆளுக்கொரு குதிரை கொண்டுவரவேண்டும், மன்றத்தின் நடுவே அவற்றின் முன்கால்களைத் தளையிட்டு, நாய்களைக் குரைக்கவிட்டு, முரசறைந்து பார்ப்போம், எது அசையாமல் நிற்கிறதோ அதைப் பழக்கியவரிடமே இனி என் குதிரைகள் எல்லாம் போகும் என்று அறிவித்துவிட்டார். லெஹாலிமா நிற்காது என்பது லெதூக்காவுக்குத் தெரியும். சாம்பற் குதிரை நிற்கும் என்பதும் தெரியும். தோற்றால், தன்னை மூக்கொழுகி என்றவளின் வாசலில் தன் தந்தையின் உரிமை போய்ச் சேரும் என்பதையே எண்ணியபடி அவன் குதிரையைத் திருப்பிக்கொண்டு போனான்.

மறுநாள் நண்பகலில், கடைக்காரரின் வேலியடைப்பில் எஞ்சிய கம்பிச் சுருளொன்றைப் போர்வைக்குள் மறைத்துக்கொண்டு அவன் ஓடைக்கரைக்குப் போனான். மாலினேயோ மாலைதோறும் சாம்பற் குதிரையைக் கட்டவிழ்த்து விடுவாள். அது தனியே ஓடைக்குச் சென்று நீர் குடித்துவிட்டு, இருட்டுமுன் தானே வீடு திரும்பும். நீர்த்துறைக்கு இறங்கப் பாறைகளுக்கிடையே இரண்டு சந்துகள் உண்டு. எதில் இறங்குமோ என்ற ஐயத்தால், நரி பிடிப்பவர் வைப்பது போன்ற கண்ணியொன்றை வலப்பக்கச் சந்திலும் ஒன்றை இடப்பக்கச் சந்திலும் விரித்து, கம்பிகளின் மறுமுனைகளை மரவேர்களில் முறுக்கிக் கட்டி, மேலே புல்லைத் தூவினான். கம்பியில் கால் அகப்பட்ட குதிரை என்ன செய்யும் என்பது அவனுக்குத் தெரியும்; எலும்பு தெரியும்வரை இழுக்கும். மாலையில் சாம்பற் குதிரை அசைந்தசைந்து ஓடைநோக்கி இறங்குவதைத் தொலைவிலிருந்து பார்த்தான். அப்போதே பனி பொழியத் தொடங்கியது. நெடுநாளைக்குப்பின் வயிறார உண்டு உறங்கினான். அதே பனியில், ஓடைச் சரிவில் இறங்க வழி தெரியாத இருட்டில், அவள் குதிரையின் பெயரைக் கூவிக் கூவித் தேடியது அவன் குடிலுக்கும் கேட்டது. கேட்டும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான் அந்தப் பாவி.

விடிந்தபோது மலையும் பொட்டலும் கூரையும் ஒரே வெண்மையாய்க் கிடந்தன. லெதூக்கா லெஹாலிமாவின்மேல் ஏறி, தன் கைவேலையைக் காணும் ஆவலோடு ஓடைக்கு விரைந்தான். அங்கே அவன் கண்டது அவன் எண்ணிவந்த காட்சியன்று. வலப்பக்கச் சந்தில், முன்கால் ஒன்று கண்ணிக்குள் இருக்க, முதுகில் பனி அப்பியிருக்க, சாம்பற் குதிரை நின்றுகொண்டிருந்தது. குருதி ஒரு துளியும் இல்லை. இழுத்திருந்தாலன்றோ கம்பி அறுக்கும்? கால் பிடிபட்டதும் நின்றுவிட்டது. தன்னை அவிழ்ப்பவள் வருவாள் என்று இரவெல்லாம் நின்றிருக்கிறது. காலடி கேட்டுத் தலையைத் தூக்கி, வந்தவன் தன்னை விடுவிக்கவே வந்தான் என்பது போல அவனைப் பார்த்து மெல்லக் கனைத்தது.

அந்தக் கனைப்பில் உள்ளம் இளகாதவன் கல்லினும் கொடியவன். லெதூக்கா இளகவில்லை. இடுப்புக் கத்தியை உருவினான். கம்பி செய்யாததைக் கத்தி செய்யட்டும், பழி கம்பிமேல் விழட்டும் என்று, லெஹாலிமாவைக் குதிகாலால் உதைத்து, சாம்பற் குதிரையின் முன்புறம் சுற்றிவர இடப்பக்கச் சந்தில் செலுத்தினான். அங்கும் ஒரு கண்ணி வைத்தோம் என்பதைப் பொங்கிய சினம் மறைத்ததோ, பொழிந்த பனி மறைத்ததோ, அறியேன்.

கரிய குதிரையின் முன்கால் பனிக்குள் புதைந்தது; கம்பி இறுகியது; அவ்வளவுதான். அது பின்னங்காலில் எழுந்து அலறிய அலறலில் பாறையிடுக்குப் புறாக்கள் எல்லாம் பறந்தோடின. லெதூக்கா ஒருபக்கம் விழுந்தான், கத்தி ஒருபக்கம் விழுந்து பனிக்குள் மறைந்தது. எழுந்தோடிக் கம்பியைப் பற்றித் தளர்த்த முயன்றான். குதிரை முன்னே பாய்ந்து பின்னே வாங்கிய ஒரு நொடியில் தளர்ந்து சுருண்ட கம்பி அவன் கணுக்காலைச் சுற்றிக்கொள்ள, அடுத்த பாய்ச்சலில் அது இறுகித் தோற்செருப்பின் வாரை அறுத்துத் தசையில் இறங்கியது. ஒரே கம்பியில் இப்போது குதிரையும் அவனும். "நில்லு! நில்லுடா! லெஹாலிமா!" என்று அவன் தன் பெயர்போன குரலில் கத்தினான், அக்குரலைக் கேட்டு அஞ்சி அது முன்னினும் கடுமையாக இழுத்தது, அது இழுக்க அவன் கத்த, அவன் கத்த அது இழுக்க, வெண்பனி இருவர் குருதியாலும் சிவந்தது.

அலறல் கேட்டு மாலினேயோ சரிவில் இறங்கி வந்தாள். ஒரு கண்ணியைப் பார்த்தாள். மற்றொரு கண்ணியைப் பார்த்தாள். பனியில் கிடந்தவனைப் பார்த்தாள். யாரும் அவளுக்கு எதையும் சொல்லவேண்டியிருக்கவில்லை. நேரே தன் குதிரையிடம் போய், பனியைத் துடைத்து, காலைத் தூக்கிக் கண்ணியை அவிழ்த்து, எலும்பையும் நரம்பையும் விரலால் தடவிப் பார்த்தாள். அதன்பிறகே அவள் கண்ணில் நீர் வந்தது.

"அண்ணி! என் காலு! காலு போவுது!" என்று அவன் கதறினான்.

"போவட்டுமே. எங்குதிரக் காலு போவணும்னுதான வச்ச?"

"தெரியாமப் பண்ணிட்டேன், அண்ணி..."

"தெரியாமத்தான் ரெண்டு வச்சியா?" என்றவள், கம்பியின் நீளத்தையும் குதிரையின் வெருட்சியையும் அளந்து பார்த்து, அருகே வந்தாள். "வாய மூடு, தம்பி. நீ கத்தக் கத்த அது இழுக்குது. வலிக்கும், பல்லக் கடிச்சிட்டுக் கெட. கால இழுக்காத. மூச்சு விடு. மூச்ச விடுடா, நான் இருக்கேன்."

தான் நேற்று முன்தினம் எள்ளிச் சிரித்த அதே பாட்டு தன் காலுக்குப் பாடப்படுவதை அவன் கேட்டான். வெட்கமும் வலியும் ஒருங்கே அவனைப் பிடுங்கின. ஆயினும் உயிராசை பெரிது. வாயை மூடினான், காலைத் தளர விட்டான், மூச்சு விட்டான். அவள் தன் போர்வையைக் கழற்றிக் கரிய குதிரையின் தலைமேல் போட்டு, இருட்டுக்குள் நடுங்கிய அதன் கழுத்தில் கன்னத்தை வைத்துச் சாய்ந்து நின்றாள். நெடும்பொழுது நின்றாள். அதன் நடுக்கம் தணிந்தது, அது ஓரடி பின்னே வந்தது, கம்பி தளர்ந்தது. அவன் காலையும் அதன் காலையும் அவிழ்த்தபின் கையைப் பனியில் கழுவினாள்.

"இந்த உதவிய உயிருள்ளவரைக்கும் மறக்கமாட்டேன்" என்று அவன் முனகினான்.

"உனக்காகச் செஞ்சேன்னு நெனச்சுக்காத. நீ போட்ட கூச்சல்ல என் லெட்லாபா பயந்துச்சு, அதான். ரெண்டு கம்பியையும் சுருட்டி எடுத்துட்டுப் போறேன். நேரா மன்றத்துக்கு."

சொன்னபடியே செய்தாள். அன்று காலை மன்றத்தின் நடுவே சாம்பற் குதிரை, முன்கால்களில் தளையோடு, நாய் குரைக்க முரசு அதிர, செவியை மட்டும் அசைத்து நின்றது. அதன் குளம்பருகே இரண்டு கம்பிகளும் கிடந்தன. தோளில் தூக்கிக் கொண்டுவரப்பட்ட லெதூக்கா எதையும் மறுக்கவில்லை. தண்டமாக எத்தனை மாடு வேண்டும் என்று தலைவர் கேட்டார்.

"மாடு வேணாம், தலைவரே. அந்தக் கறுப்புக் குதிரையக் குடுங்க."

"அது நொண்டியாச்சேம்மா. இனி யாரும் ஏற முடியாதே."

"ஏறவா கேட்டேன்?"

மன்றம் மறுபடியும் சிரித்தது. இம்முறை லெதூக்கா அச்சிரிப்பைக் கேட்கவேயில்லை. "மாடு எத்தன வேணும்னாலும் எடுத்துக்கட்டும், தலைவரே. அத மட்டும் வேணாம்" என்று வாழ்வில் முதன்முறையாகத் தாழ்ந்த குரலில் கெஞ்சினான். தலைவர் குதிரையைக் கொடுத்துவிட்டார்.

குளிர் நீங்கி, சரிவுகளில் பசும்புல் தலைகாட்டி, ஓடை நிறைந்தோடிய இளவேனிற்காலத்து மாலையொன்றில், ஊன்றுகோலோடு தன் குடில் வாசலில் அமர்ந்திருந்த லெதூக்கா பொட்டலைப் பார்த்தான். லெஹாலிமா அங்கே நின்றது. வடு ஏறிய அதன் முன்காலில் மாலினேயோ தோல்வாரைச் சுற்றியிருந்தாள். கயிறென்றாலே வெறிகொள்ளும் தன் மின்னல், தலையைத் தாழ்த்தி, வால் தளர்ந்து, கண் பாதி மூடி அவள் கையில் காலைக் கொடுத்து நிற்பதைக் கண்டதும், அவன் நெஞ்சில் அடைத்துக் கிடந்த பகையும் அன்பும் எது எதுவென்று தெரியாமல் ஒன்றாய்ப் பொங்கின. தன்னை மறந்து எழுந்து, "லெஹாலிமா!" என்று கூவினான்.

குதிரை துள்ளியது. கண் வெளுத்து, உடல் விதிர்த்து, புண்ணாறிய காலை வெறிகொண்டு இழுத்தது. மாலினேயோ வாரை விடாமல் பிடித்தபடி, திரும்பியும் பாராமல் சொன்னாள்:

"வாய மூடு, தம்பி."

அவன் மூடினான். சற்று நேரத்தில் குதிரை இழுப்பதை நிறுத்தியது, வார் தளர்ந்தது. தன் உயிரினும் மேலாக நேசித்த ஒன்றுக்குத் தான் இனிச் செய்யக்கூடிய நன்மை, அதன் பெயரை வாய்விட்டு அழையாமல் இருப்பது ஒன்றே என்று அறிந்தவனாய், கணுக்கால் வலிக்க, மலைமேல் ஒளி முற்றும் மறையும்வரை, லெதூக்கா ஒரு சொல்லும் பேசாமல் வாசலில் நின்றுகொண்டிருந்தான்.