இரண்டு கிளாஸ்

மூன்றாவது முறையாகப் பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஈறு எரிந்தது. யாரோ கதவைத் தட்டினார்கள்.

"உள்ள யாரு? மாமா ரொம்ப நேரமா நிக்கிறாரு."

கொப்பளித்துவிட்டு, உள்ளங்கையில் ஊதி முகர்ந்து பார்த்தாள். பற்பசை வாசனைதான். இருந்தும் நம்பிக்கை வரவில்லை.

கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். வீடு வீடாகப் போய்த் தரைக்கு டைல்ஸ் ஒட்டியவர். காய்த்துப்போன முழங்கால்கள் போர்வைக்குள்ளும் நிமிரவில்லை. ஈரல் போய்விட்டது என்று டாக்டர் கையை விரித்த பிறகும் அவர் குடியை விடவில்லை. நேற்று சாயங்காலம் மூச்சு வாங்கத் தொடங்கியதும் தம்பி இவளைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறான். அப்போது இவள், கூட வேலை செய்த பெண்ணின் பிரிவு விருந்தில் இருந்தாள். போன் கைப்பைக்குள் கிடந்தது. இவள் கையில் இரண்டாவது கிளாஸ் பீர்.

அம்மாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள், உடனே எழுந்துகொண்டாள். நேராக இருந்த நாற்காலிகளை மறுபடி நேராக்கினாள். கேட்காதவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்தாள். யாராவது கட்டிக்கொண்டு அழ வந்தால் மூச்சை அடக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அத்தைதான் பிடித்து நிறுத்தினாள். "பெத்த அப்பன் போற நேரத்துல பக்கத்துல இல்லாம அப்படி என்னடி வேலை?"

இவள் வாயைத் திறப்பதற்குள் தம்பியின் குரல் வந்தது.

"ஆபீஸ்ல ஆடிட் அத்தை. போனை உள்ள விடமாட்டாங்க."

அவன் பொய் சொல்லி இவள் கேட்டதேயில்லை. செல்போன் ரிப்பேர் கடையில் வேலை பார்க்கிறவன். கூட்டாளிகள் வைத்த பெயர் சாமியார். அவர்கள் பாட்டிலைத் திறந்தால் எழுந்து போய்விடுவான். இவளும் குடிப்பது தெரிந்த நாளிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "அப்பாவும் நானும் ஒண்ணாடா? நான் எப்பவாவது, அளவாத்தானே" என்று சொல்லிச் சொல்லி இவளுக்கே அலுத்துவிட்டது.

அடக்கம் முடிந்து கூட்டம் கலைந்தபின் அவனைத் தேடினாள். பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தான்.

"ஏன்டா அப்படிச் சொன்ன?"

"வேற என்ன சொல்லச் சொல்ற?"

"திட்டணும்னா திட்டித் தொலை. மென்னு முழுங்காத."

அவன் கால் கட்டைவிரலால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். இவள் கதவின் தாழ்ப்பாளைப் போடுவதும் எடுப்பதுமாக நின்றாள்.

"அக்கா, அதுல அப்படி என்னதான் இருக்கு?"

குத்திக்காட்டுகிறானோ என்று முகத்தைப் பார்த்தாள். இல்லை, உண்மையாகவே கேட்டான்.

"எனக்குச் சிரிப்பு வரும். ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் சிரிப்பேன். அவ்ளோதான்."

தரையைத் தேய்த்துக்கொண்டிருந்த காலை நிறுத்தினான்.

"அப்பா சிரிச்சு நான் பார்த்ததே இல்லையே."

இவளும் யோசித்துப் பார்த்தாள். தாழ்ப்பாளை விட்டாள். அவன் நகர்ந்து இடம் கொடுத்தான். உட்கார்ந்தாள்.

மாடித் தொட்டி நிரம்பி, சுவரோரமாகத் தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது.

"யாராவது மோட்டாரை நிறுத்துங்களேன்" என்று அம்மா உள்ளேயிருந்து கத்தினாள்.

இருவரும் எழுந்திருக்கவில்லை.