கச்சியின் தோணி நிற்காத இடம்

என் அக்கா சபூறா ராத்தாவின் புருஷன் மஜீட் மச்சானைப் போல நிதானமான மனிதர் சாய்ந்தமருதிலேயே இல்லை. ஒரே ஒரு நிபந்தனை, கச்சிமுகம்மது அவர் கண்ணில் படக் கூடாது. இருவருக்கும் ஒரே நாளில் ஒரே பந்தலில் சுன்னத்து நடந்தது. அன்றைக்கு முதலில் கத்தியவன் யார் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. கச்சி தோணி வாங்கினால் மச்சான் அதைவிட ஒரு சாண் நீளமாக வாங்குவார். மச்சான் வேலி அடைத்தால் அடுத்த வாரமே கச்சி வீட்டு வேலி உயரும். வேலியோடு நின்றிருந்தால் எனக்கென்ன வந்தது? மச்சானின் தோணியில் சவள் பிடித்துத் துடுப்பு வலிக்கிறவன் நான்.

பெருவெள்ளம் வந்ததே, அதற்கு முந்தின வருடத்து வாடைக்காலம். கடல் கரையைத் தின்றுகொண்டிருந்தது. ஒரு வாரமாக யாரும் இறங்கவில்லை. வீட்டில் சபூறா ராத்தாவுக்கு நிறைமாதம். சனிக்கிழமை விடிய சுபஹு தொழுதுவிட்டு, தோணியை ஒருதரம் பார்த்துவிட்டு வரத்தான் மச்சான் என்னைக் கூப்பிட்டார்.

"கடலுக்கு எறங்கப்படாது, சொல்லிப்போட்டன்" என்றாள் ராத்தா.

"எனக்கென்ன விசரா?" என்றார் மச்சான். அவர் பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அவருக்கு அந்தப் பைத்தியம் பிடித்திருக்கவில்லை.

எங்கள் கரையில் ஒவ்வொரு தோணிக்கும் அதற்கென்று ஓர் இடம் உண்டு. இடம் காலியாகக் கிடந்தால் ஆள் கடலில் என்று அர்த்தம். அதற்கு மேல் யாரும் விசாரிப்பதில்லை. அன்று எங்கள் தோணி அதன் இடத்தில் நின்றது. பக்கத்தில், கச்சியின் தோணி நிற்கிற இடத்தில் வெறும் மணல்.

"போயிட்டான்டா!" என்றார் மச்சான்.

"இந்தக் கடலுக்கா?"

"பின்ன தோணி பறந்தா போயிரிக்கும்? அவன் மீனைக் கொண்டுவந்து எறக்கக்குள்ள நான் இங்க நிண்டு மணல் எண்ணவா? தள்ளு, றவூப்."

"மச்சான், ராத்தா இரிக்கிற நெலமையில…"

"தள்ளுடா!"

தள்ளினேன். ஏன் தள்ளினேன் என்று கேட்பீர்கள். கச்சியின் தோணியில் சவள் வலிக்கும் காலிதீன் என் வயதுக்காரன். அவன் போயிருக்கும்போது நான் எப்படி நிற்பது? வியாதி மச்சானுக்கு மட்டும்தான் என்று நான் சொல்லவில்லையே.

கரையில் முறிகிற அலை எங்களை இரண்டு தரம் மணலிலேயே வாரிப் போட்டது. மூன்றாம் தரம் எப்படியோ தாண்டிவிட்டோம். வெளியே வந்து பார்த்தால் கடல் கறுத்துக் கிடந்தது. காற்று வாயிலிருந்த கலிமாவையே பிடுங்கிக்கொண்டு போனது. நான் தகரப்பேணியால் தண்ணீரை இறைக்க, மச்சான் எழுந்து நின்று எல்லாப் பக்கமும் பார்த்தார். ஒரு தோணியும் இல்லை. அவர் முகம் சுருங்கிப்போயிற்று.

"கச்சி மௌத்தாகிட்டானோடா?" என்றார். செத்துப்போனானோ என்று கேட்டவர் தோணி விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவனை அவர் எவ்வளவு நேசித்தார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அந்த நேரத்தில் கரைப்பக்கமிருந்து ஒரு தோணி அலையில் ஏறி வந்தது. முன்னால் அணியத்தில் காலிதீன், பின்னால் கச்சி!

"எங்கடா இருந்து வாறாய்?" என்று மச்சான் கத்தினார்.

"கரையில இருந்துதான்! நீ போயிட்டாய் எண்டு வாறன்!"

"நானா? ஒன்ட தோணியத்தானேடா காணல்ல!"

"அத நேத்து பின்னேரம் அசருக்குப் பொறகு தென்னந்தோப்புக்குள்ள இழுத்துக் கட்டினன். கடல் கொண்டு போயிரும் எண்டு பயந்து!"

இழுத்த தடத்தை இரவு மழை அழித்துவிட்டிருக்கிறது. இவர் இல்லாதவனைத் துரத்திக் கடலுக்கு வந்தார். இவர் வந்ததைப் பார்த்து அவன் வந்தான். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. சரி, விஷயம்தான் விளங்கிவிட்டதே, இனித் திரும்பிவிடுவார்கள் என்று நினைத்தேன்.

"நீ கிறுகு, நான் பொறகால வாறன்" என்றார் மச்சான்.

"நீ முதல்ல வந்தாய், நீ முதல்ல கிறுகு."

"ஒன்ட தோணிதான் சின்னன்."

"சின்னன் எண்டா என்ன? நான் பயப்படல்ல."

இரண்டு தோணிகளும் ஏறி ஏறி விழுந்துகொண்டிருந்தன. பேணியில் அள்ளியதைவிட அதிகமாய்த் தண்ணீர் உள்ளே வந்தது. முதலில் திரும்பியவன் என்ற பெயர் வேண்டாமென்று இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து எங்களைக் கொல்லப் போகிறார்கள். ராத்தாவின் முகம் என் கண்ணுக்குள் வந்தது. புருஷனும் தம்பியும் ஒரே தோணியில்.

பேணியை எறிந்துவிட்டு எழுந்து கத்தினேன்.

"எனக்குப் பயமாயிரிக்கி! அல்லாவுக்காகக் கரைக்குக் கொண்டுபோங்க!"

காலிதீன் என்னைப் பார்த்தான். பிறகு அவனும், "எனக்குந்தான், காக்கா!" என்று கச்சியைப் பார்த்து அழ ஆரம்பித்துவிட்டான்.

அந்த இரண்டு பெரிய மனிதர்களின் முகங்களும் எப்படி மலர்ந்தன என்கிறீர்கள்!

"பாவம்டா, பொடியன்மார் பயப்படுறாங்க" என்றார் மச்சான்.

"ஓம் ஓம், இவங்களுக்காக ரெண்டு பேரும் ஒண்டாக் கிறுகுவம்" என்றான் கச்சி.

பிஸ்மில்லா சொல்லி இரண்டு தோணிகளும் ஒன்றாய்த் திரும்பின.

கரை நெருங்க, இன்னும் மூன்று தோணிகள் பாதி மணலில் நிற்பதைப் பார்த்தேன். எங்கள் இரண்டு தோணிகளும் போய்விட்டன என்று கேள்விப்பட்டு மற்றவர்களும் இறக்கிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் வெறுங்கையோடு வந்து விழுந்ததும் அத்தனை பேரும் தோணிகளை மேலே இழுத்தார்கள். இறக்கியதைவிட வேகமாக இழுத்தார்கள். அவர்களில் ஒருவரான கலந்தர் காக்கா மட்டும் என் முதுகில் தட்டி, "பயந்தாங்கொள்ளி" என்றார். அவர் தோணிதான் எல்லாவற்றையும்விட மேலே ஏறிக் கிடந்தது. எனக்கு அந்தப் பெயர் தேனாய் இனித்தது. மணல் காலுக்கடியில் அசையாமல் கிடந்தது, அது போதும்.

வீட்டுக்குச் செய்தி எங்களுக்கு முன்னமே போய்விட்டிருந்தது. ராத்தாவின் கண்கள் வீங்கியிருந்தன.

"ஒன்ட தம்பி கடலுக்குள்ள நிண்டு அழுதிட்டான், சபூறா. என்ன செய்ய, கிறுகினன்" என்றார் மச்சான், பாயில் உட்கார்ந்தபடி.

அந்த வீட்டில் முதல் சோறு எப்போதும் மச்சானுக்குத்தான். அன்று ராத்தா முதல் தட்டை என் முன்னால் வைத்தாள். வீட்டிலிருந்த ஒரே முட்டையைப் பொரித்து அதன் மேல் வைத்திருந்தாள். மச்சானுக்கு வெறும் சோறும் பருப்பும்.

மச்சான் என் தட்டைப் பார்த்தார். தன் தட்டைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட ஆரம்பித்தார்.