நல்லாருக்கு, ஆனா

1

இந்தக் கதை என் கடைவாய்ப் பல்லில் தொடங்கியது. கனவிலோ கடற்கரையிலோ தொடங்கியிருந்தால் சொல்லிக்கொள்ளக் கொஞ்சம் கௌரவமாக இருந்திருக்கும். என்ன செய்வது, பல்லில்தான் தொடங்கியது.

புதிதாகப் போட்ட கேப் சற்று உயரமாக இருந்தது. வாயை மூடினால் அது மட்டும் முந்திக்கொண்டு இடித்தது. டாக்டர் பின்னாலிருந்த லேபுக்குக் குரல் கொடுத்தார். பல் செய்கிற பெண் கையெல்லாம் பிளாஸ்டர் தூளுடன் வந்தாள். என் வாய்க்குள் கிணற்றை எட்டிப் பார்ப்பதுபோல் பார்த்தாள். கேப்பை வாங்கிக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோது பல் சரியாக இருந்தது. ஆனால் அது வந்த அட்டைப் பெட்டியின் மூடியில் பென்சிலால் ஓர் ஆள்: வாயைப் பிளந்து, ஒரு கண்ணை மட்டும் இறுக்கி மூடி, நாற்காலியின் இரண்டு கைப்பிடிகளையும் உடும்புப்பிடியாகப் பிடித்தபடி ஒரு தொடைநடுங்கி.

நான்தான்.

“ஐயய்யோ, இந்தப் பெட்டியையா குடுத்துட்டேன்!” என்று அவள் பிடுங்கப் பார்த்தாள். நான் கொடுக்கவில்லை. அதன் பிறகு பல்லில் ஒரு கோளாறும் இல்லாமலேயே அந்தப் பக்கம் சில தடவை போனேன். அவள் வேலை செய்துகொண்டே தன் கதையைச் சொன்னாள். அவள் சொன்னது பாதி, நான் போட்டது பாதி. எது எந்தப் பாதி என்று மட்டும் கேட்காதீர்கள். எனக்கே இப்போது பிரித்துச் சொல்ல வராது.

2

தொடக்கம் எழுதுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பாருங்கள்:

வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. அவள் ஜன்னலருகே அமர்ந்து, தூரத்தில் எதையோ

(நிறுத்தினேன். அவளுடைய லேபுக்கு ஜன்னலே கிடையாது.)

சிறு வயதிலிருந்தே ஓவியத்தின்மீது தீராத ஆர்வம் கொண்ட அவள், பல தடைகளைத் தாண்டி

(இது பள்ளி ஆண்டுமலர்.)

அவள் வரைந்த மனிதர்கள் யாருக்கும் கைகள் இல்லை.

இது இருக்கட்டும். என்னை வரைவதற்கு வெகு முந்தைய நாட்களில் இது உண்மையும்கூட. அவள் வரைந்த ஆண்களெல்லாம் கைகளைப் பேண்ட் பாக்கெட்டில் விட்டிருந்தார்கள். பெண்களெல்லாம் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார்கள். குழந்தைகள் ஏதாவது ஒரு சுவருக்குப் பின்னால் நின்றார்கள். காரணம் எளிது: அவளுக்கு அப்போது கை வரைய வராது. ஐந்து விரலும் வாழைப்பழச் சீப்பு மாதிரி வந்து நிற்கும்.

அவளுடைய கணவன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். எதைக் காட்டினாலும் “சூப்பர்” என்பான். சில சமயம் காகிதத்தைத் திருப்பிக் காட்டுவதற்குள்ளேயே சொல்லிவிடுவான். தங்கமான மனுஷன். ஆனால் ஓவியத்துக்கு அவன் உதவியது அவ்வளவுதான்.

3

ஒரு போட்டோ ஸ்டுடியோவின் மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஏழெட்டுப் பேர் கூடுகிறார்கள். அந்த வாரம் வரைந்ததை நடு மேஜையில் வைக்க வேண்டும். மற்றவர்கள் பார்த்துக் கருத்துச் சொல்வார்கள். எல்லோரும் சொல்லி முடிக்கும்வரை, வரைந்தவர் வாயே திறக்கக் கூடாது. அதுதான் அங்கே ஒரே சட்டம். சட்டத்தை இயற்றியவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். எந்தப் படமாக இருந்தாலும் அவர் “நல்லாருக்கு, ஆனா” என்றுதான் தொடங்குவார். அதனால் அவருக்கு ஆனா அண்ணன் என்று பெயர். எழுத்து வரிசையிலும் முதலில் வருவது ஆனாதான், எனக்கு அடுத்துத்தான் மற்றதெல்லாம் என்று அவரும் அதைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டார்.*

அங்கே சேர்ந்த முதல் நாள் அவள் வைத்தது ஒரு கல்யாண வரவேற்புக் கூட்டம். பன்னிரண்டு பேர். ராப்பகலாக உழைத்த படம். ஸ்டுடியோக்காரர் “அழகா இருக்கும்மா” என்றார். வேறு யாரோ புடவை மடிப்பைப் பாராட்டினார்கள். ஆனா அண்ணன் மட்டும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மேஜைமேல் கவிழ்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

“நல்லாருக்கு, ஆனா இந்த மண்டபத்துல திருடன் எவனோ பூந்துட்டான்போல.”

“ஏன்?” என்றார் ஸ்டுடியோக்காரர்.

“பன்னெண்டு பேரு, ஒருத்தர்கிட்டகூடக் கை இல்லையே. எவன் எடுத்துட்டுப் போனான்? அப்பறம் இவங்க எல்லாரும் ரெண்டு கால்லயும் சமமா நிக்கிறாங்க. மனுஷன் அப்படி நிக்க மாட்டான்மா, கம்பம்தான் நிக்கும்.”

எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்கு வாய் திறக்க அனுமதி இல்லை. முகம் மட்டும் குப்பென்று சிவந்தது.

(* அவரை வில்லனாக்கினால் கதை சுலபமாக ஓடும் என்று ஒரு முறுக்கு மீசை கொடுத்துப் பார்த்தேன். மறுநாளே சிரைத்துவிட்டேன். நிஜத்தில் அவர் ஒல்லியானவர். சட்டைப் பையில் எப்போதும் ஸ்க்ரூடிரைவர் இருக்கும். பேசி முடித்ததும் எதிராளிக்கு மிட்டாய் நீட்டுவார்.)

4

அதற்கடுத்த சில ஞாயிறுகள் அவள் போகவில்லை. பிறகு போனாள்.

இந்த இடத்தில் நான் மாட்டிக்கொண்டேன். எழுதியவரைக்கும் என் அக்காவுக்கு அனுப்பியிருந்தேன். நான் எழுதுவதையெல்லாம் முதலில் படிப்பது அவள்தான். வரித்துறையில் வேலை. எதையும் ஆதாரமில்லாமல் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

“ஏன் திரும்பிப் போனா?” என்று போனில் கேட்டாள்.

“போனா. அவ்வளவுதான்.”

“அது எப்படி? அத்தனை பேர் முன்னாடி மானத்த வாங்கியிருக்கான். நானா இருந்தா அந்தத் தெருப்பக்கமே தல வச்சுப் படுக்க மாட்டேன். உனக்குக் கத நகரணும்னு அவள இழுத்துட்டுப் போயிருக்க.”

“ரோஷம்னு வச்சுக்கயேன்.”

“ரோஷக்காரி ரெண்டாவது வாரமே போயிருப்பா. நல்லாதான் இருக்குடா, ஆனா இவ ஆளா நிக்கல.”

தான் யார் மாதிரிப் பேசினோம் என்று அக்காவுக்கு உறைக்கவில்லை. எனக்குச் சிரிப்பாகவும் எரிச்சலாகவும் இருந்தது. ரோஷம் என்று எழுதிய ஒரு முழுப் பக்கத்தை அடித்தேன். அவமானத்தால் அவள் பென்சில்களை உடைத்துப் போட்டதாக எழுதியதையும் அடித்தேன். நல்ல பென்சில் என்ன விலை என்று தெரிந்த எவரும் அதை உடைக்க மாட்டார்கள். கடைசியில் லேபுக்குப் போய் அவளையே கேட்டேன்.

மெழுகில் பல் பதித்துக்கொண்டே யோசித்தாள். “அந்தப் படத்த அன்னைக்கு எல்லாரும் பாத்தாங்க. அவரு மட்டும்தான் பன்னெண்டு பேரையும் எண்ணியிருந்தாரு” என்றாள்.

அக்காவிடம் சொன்னேன். “சரி, மேல போ” என்றாள்.

5

போனவள் சும்மா போகவில்லை. கைகளோடு போனாள். லேபில் கூட வேலை செய்பவர் அச்சைச் செதுக்கும்போது அவருடைய கைகள், டாக்டர் கையுறையை இழுத்து மாட்டும்போது அவர் கைகள், பேருந்தில் கம்பியைப் பிடித்திருந்த முன்பின் தெரியாத கைகள். வேலையில் இருக்கும் கை வாழைப்பழம் ஆகாது என்று கண்டுகொண்டாள். சும்மா இருக்கிற கைதான் படுத்துகிறது.

பை தூக்கிப் போகும் ஒரு பெண்ணின் படத்தை ஆனா அண்ணன் பார்த்தார். “நல்லாருக்கு, ஆனா இந்தம்மா தூக்கிட்டுப் போற பை காலி.”

காய்கறி பிதுங்கும் பை அது. கீரைக்கட்டை நரம்பு நரம்பாக வரைந்திருந்தாள். படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து உற்றுப் பார்த்த பிறகுதான் விளங்கியது: பையில் எல்லாம் இருந்தது, கனம் இல்லை. அதைத் தூக்கியவளின் தோள் இம்மிகூட இறங்கவில்லை.

லேபிலிருந்து ஒரு மூட்டை பிளாஸ்டர் வந்தது. அதைப் பையில் போட்டுக் கணவன் கையில் கொடுத்து, சமையலறை நடுவில் நிற்க வைத்தாள்.

“எவ்ளோ நேரம்?”

“தோள் இறங்கட்டும்.”

“எறங்கிருச்சு.”

“நீயா எறக்குற. தானா எறங்கணும்.”

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. இருவரும் நகரவில்லை. அவன் இடுப்பு ஒரு பக்கம் வளைந்தது, கழுத்து எதிர்ப்பக்கம் சாய்ந்தது, பிடிக்க எதையோ தேடுவதுபோல இன்னொரு கை காற்றில் விலகியது. அவள் விறுவிறுவென்று வரைந்தாள். முடிந்ததும் அவன் பையைத் தொப்பென்று போட்டுவிட்டு எட்டிப் பார்த்தான்.

“சூப்…” என்று தொடங்கியவன் நிறுத்தினான். வாழ்க்கையில் முதன்முறையாகக் காகிதத்தைக் கையில் வாங்கினான். “ஏய், எனக்கு இவ்ளோ தொப்பையா?”

அன்று அவள் சிரித்த சிரிப்பில் அடுப்படியைத் துடைக்க வெகுநேரம் ஆனது.

(இங்கேயே முடித்துவிடலாம் என்று ஒரு சபலம். நல்ல இடம், கணவன், மனைவி, சிரிப்பு, வழிந்த பால். ஆனால் நடந்தது இதோடு முடியவில்லை.)

6

“ஊர்ப் படத்தையெல்லாம் பிரிச்சு மேயுறீங்களே, உங்க படம் எங்க?” என்று ஸ்டுடியோக்காரர் ஆனா அண்ணனை ரொம்ப நாளாகச் சீண்டிக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிறு அவர் கொண்டுவந்தார். படத்தை மட்டுமல்ல, ‘ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம இந்த மனுஷன் எங்கதான் போறாரு’ என்று பார்க்க வந்த மனைவியையும். அண்ணி சத்தமான பெண்மணி. மாடிப்படி ஏறும்போதே பேச்சு. உட்காருவதற்குள் ஸ்டுடியோக்காரரின் குடும்பம் மொத்தமும் அவருக்கு அத்துப்படி.

படத்தில் இருந்தது அண்ணிதான். கோடு ஒவ்வொன்றும் சுத்தம். கன்னத்து நிழல் பட்டுப்போல இறங்கியது. எல்லோரும் “அடேயப்பா” என்றார்கள். ஆனா அண்ணன் சட்டப்படி வாயை மூடிக்கொண்டு, மிட்டாயை உருட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் அவள் முறை வந்தது.

அவள் படத்தைப் பார்த்தாள். அண்ணியைப் பார்த்தாள். மறுபடி படத்தை. பல்லோடு பிழைப்பு நடத்துகிறவள். எங்கே இடிக்கிறது என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. ஒரு பெண்ணை எதிரே உட்கார வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? ‘அழகா இருக்குண்ணே’ என்று சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை. சொல்லவும் வாயெடுத்தாள். பிறகு, தன் கல்யாண மண்டபத்தை அவர் அப்படிக் கவிழ்ந்து பார்த்ததை நினைத்துக்கொண்டாள்.

“நல்லாருக்குண்ணே, ஆனா… இது அண்ணி இல்ல. அண்ணியோட தங்கச்சி மாதிரி இருக்கு.”

யாரும் சிரிக்கவில்லை.

“அண்ணிக்கு மேல்பல்லு கொஞ்சம் முன்னால இருக்கு. வாய மூடினாலும் ஒதடு முழுசா மூடாது. பேசப் போற மாதிரியே இருக்கும். நீங்க ஒதட்டத் தச்சு வச்சுட்டீங்க.”

ஆனா அண்ணன் தரையைப் பார்த்தார். சட்டம் அவரைக் கட்டிப் போட்டிருந்தது. அண்ணிக்குச் சட்டம் எதுவும் இல்லை. எழுந்து வந்து படத்தின் முன்னால் நின்றார்.

“கல்யாணம் ஆனதுலேர்ந்து இந்த மனுஷன் என் பல்லப் பத்தி ஒரு வார்த்த சொன்னதில்ல” என்றார். குரல் இறங்கியிருந்தது. “மரியாதன்னு நெனச்சிட்டிருந்தேன். ஏங்க, பாக்கவே இல்லையா நீங்க?”

ஆனா அண்ணன் சட்டத்தை மீறினார். “பாத்தேன். பாக்காம என்ன? நீ வருத்தப்படுவியோன்னுதான்…”

“வருத்தமா இருந்தா நானே க்ளிப்பு போட்டிருக்க மாட்டேனா? வேற யாரையோ வரைஞ்சு என் பேர எழுதியிருக்கீங்க.”

அவள் பென்சிலைப் பையில் போட்டுக்கொண்டு ஓடிவிடலாமா என்று வாசலைப் பார்த்தாள். அதற்குள் அண்ணி ஒரு நாற்காலியை வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டு, சட்டமாக உட்கார்ந்தார்.

“வரைங்க. எல்லாரும் வரைங்க. ஆனா நான் பேசிட்டேதான் இருப்பேன், சொல்லிட்டேன்.”

7

வரைந்தார்கள். அண்ணி பேசிக்கொண்டே இருந்தார். ஒருமுறை பெரிதாகச் சிரித்தபோது எட்டுப் பென்சிலும் ஒரே நேரத்தில் பாய்ந்தன. ஆனா அண்ணன் மூன்று தாள்களைக் கசக்கிப் போட்டார். நான்காவதைக் கசக்கவில்லை. கோடு முன்னைப்போல் சுத்தமாக இல்லை, ஒரு காது பெரிதாகிவிட்டது. அவளுடைய படம் கச்சிதம். அந்தச் சிரிப்பை அப்படியே பிடித்துவிட்டாள். வரையத் தொடங்கிய நாளிலிருந்து இதுதான் தன் நல்ல படம் என்று அவளுக்கே தெரிந்தது.

எல்லாவற்றையும் மேஜையில் பரப்பினார்கள். “ஒண்ணு எடுத்துக்கலாமா?” என்றார் அண்ணி.

“எது வேணுமோ எடுத்துக்கங்க” என்றார் ஸ்டுடியோக்காரர்.

ஆனா அண்ணன் “வண்டிய எடுக்கறேன்” என்று முணுமுணுத்துவிட்டுக் கீழே இறங்கிவிட்டார். அவர் போனதும்தான் அண்ணி படங்களைப் பார்க்கத் தொடங்கினார். நிதானமாக, ஒவ்வொன்றாக. அவர் வாழ்க்கையிலேயே மிக அமைதியாக இருந்த நேரம் அதுவாகத்தான் இருக்கும். பிறகு ஒன்றை எடுத்துச் சுருட்டிக்கொண்டார்.

எதை என்று நான் லேபில் கேட்டேன். அவள் சொன்னாள். அதை இங்கே எழுதியும் இருந்தேன். அக்கா படித்துவிட்டு “அதெப்படி, அந்த அண்ணி வேறதத்தான எடுத்திருப்பா” என்று சண்டைக்கு வந்தாள். அவளுக்கு நியாயமான காரணங்கள் இருந்தன. உங்களுக்கும் இருக்கும். ஆகவே அந்த வரியை எடுத்துவிட்டேன்.

மேஜை இதோ. எட்டுப் படங்கள். நீங்களே பார்த்து ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுங்கள். அவசரம் வேண்டாம். கீழே தெருவில் ஒரு மனிதர் ஸ்கூட்டரைக் கிளப்பி வைத்துக்கொண்டு, மாடிப்படிப் பக்கம் திரும்பாமல், வண்டிக் கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பார்.