மீன் இருந்த பக்கம்

முதற்கண் பொறுத்தருள வேண்டுகிறேன். காணிக் கோப்புகளில் குறிப்பு எழுதியதைத் தவிர வேறெதையும் எழுதிப் பழகாதவள் நான். பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை என்பதையும் அறிவேன். தகுதி உள்ளவர்களுக்கு இது நேர்ந்திருக்காது. ஆயினும், என் மகள் கீர்த்தனி காலைவேளைகளில் என்னோடு கதைப்பதை நிறுத்தி ஐந்து மாதங்கள் ஆகின்றன. அந்தக் குரலைத் திரும்பப் பெற நான் செய்தவை எவையும் பலிக்கவில்லை. இதை எழுதுவதும் அவற்றுள் ஒன்றெனக் கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

என் கணவர் இராகுலன், துறைமுகத்தில் கப்பல்களை இழுத்துக் கரைசேர்க்கும் படகொன்றில் வேலை செய்கிறார். கப்பல்களின் வருகையைப் பொறுத்து அவருடைய வேலைநேரம் மாறும். படகில் நிற்கும்போது தொலைபேசி பைக்குள் கிடக்கும். ஆகவே, மூன்றாம் வகுப்பில் படிக்கும் கீர்த்தனியை யார் அழைத்து வருவது என்பதற்கு ஓர் ஏற்பாடு வைத்திருந்தோம். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு சிவப்பு பிளாஸ்ரிக் மீன். அதன் பின்புறம் காந்தம். மீன் இடப்பக்கம் இருந்தால் நான் போய்ப் பிள்ளையை என் அலுவலகத்துக்குக் கூட்டி வரவேண்டும். வலப்பக்கம் இருந்தால் அவர் போவார். வேலைக்குப் புறப்படும் முன் அவர்தாம் அதை வைப்பார். அதன்பின் ஒருவரையொருவர் கேட்பதில்லை.

இதைக் கேள்விப்பட்ட என் அலுவலகத் தோழி ஸுல்பிகா சிரித்தார்.

"உங்கட வீட்டில புருசன்ர சொல்லை விட மீன்ர சொல்லுக்குத்தான் மதிப்புப் போல."

"ஓம், மீன் ஒருநாளும் பிந்தி வாறேல்லை" என்றேன் நானும்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. வெள்ளியில் வீட்டைக் கழுவி மஞ்சள் நீர் தெளிக்காமல் நான் வேலைக்குப் போவதில்லை. இராகுலன் மீனை இடப்பக்கம் வைத்துவிட்டுப் போயிருந்தார். கதவில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருந்தது. மீனைக் கழற்றிவிட்டுத் துடைத்தேன். குசினியில் பால் பொங்கிற்று. ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, கையிலிருந்த மீனைக் கதவில் ஒட்டினேன்.

"அம்மா" என்றாள் கீர்த்தனி. மேசையில் இடியப்பத்தின் முன் இருந்தாள்.

"சாப்பிடு."

"அம்மா, அது வந்து..."

"வாயை மூடிக்கொண்டு சாப்பிடு பிள்ளை. பிறகு கதைக்கலாம்."

மூன்றாம் முறையும் "அம்மா" என்றாள். நான் திரும்பவில்லை.

புறப்படும்போது கதவைப் பார்த்தேன். மீன் வலப்பக்கம் இருந்தது. இங்கே ஒன்றை மறைக்கலாகாது. எனக்கு அப்போது ஐயம் வரவில்லை, ஆறுதல்தான் வந்தது. அன்று பிற்பகல் எங்களுக்கு ஒரு கூட்டம். இனி அரைமணி நேர விடுப்புக்காக மேலதிகாரியின் முன் நிற்க வேண்டியதில்லை. என் கையே ஒட்டிய மீனை, கணவர் வைத்த மீனாக எடுத்துக்கொண்டேன்.

மூன்று மணி கழிந்து பத்து நிமிடத்தில் இராகுலன் அழைத்தார்.

"இஞ்சேருமப்பா, பிள்ளை சாப்பிட்டிட்டாவோ? உம்மட கந்தோரில குழப்படி ஒண்டும் இல்லையே?"

"நீங்கள்தானே கூட்டிக்கொண்டு போனனீங்கள்?"

படகின் இயந்திர இரைச்சலுக்கு மேலாக அவர், "மீனை உம்மட பக்கந்தானே வைச்சனான்" என்றார்.

ஸுல்பிகா தம் ஸ்கூட்டியில் என்னை ஏற்றிக்கொண்டார். பாடசாலை வாயிலில் காவலாளி மட்டும் நின்றார்.

"அப்பா வெளியில நிக்கிறார் எண்டு சொல்லிப்போட்டுப் பிள்ளை பள்ளிக்கூடம் விட்ட உடன ஒண்டரைக்கே போயிட்டுதே" என்றார்.

வீதி நெடுகத் தேடினோம். தொலைவில் தெரிந்த ஒவ்வொரு வெள்ளைச் சீருடையும் அவளாக இருந்தது. கிட்டப் போனதும் வேறொரு பிள்ளையாயிற்று. "அழாதீங்க, அல்லாஹ் காப்பாத்துவான்" என்று சொல்லிக்கொண்டே ஸுல்பிகா ஸ்கூட்டியை விரட்டினார்.

துறைமுக வாயிலுக்கு எதிரே, மதிலோடு சாய்ந்து அவள் இருந்தாள். அருகில், ஊர்த் தெருக்களில் திரியும் மான்கள் இரண்டு நின்றன. ஒன்று அவளுடைய சித்திரத் தாளைச் சப்பிக்கொண்டிருந்தது. அவளுடைய இடது காலில் சப்பாத்து இல்லை, வடிகானுக்குள் விழுந்துவிட்டதாம். அவள் அழவில்லை.

"ஏன் பிள்ளை இஞ்ச வந்தனீ?"

"மீன் அப்பாவின்ர பக்கம் இருந்தது, நீங்கள் வரமாட்டீங்கள். அதுதான் அப்பாட்டை வந்தனான். உள்ளுக்கு விடேல்லை."

"காவல்காரரிட்டை ஏன் பொய் சொன்னனீ?"

"ஒருத்தரும் கூட்டிக்கொண்டு போக வரேல்லை எண்டால் உங்களை ஏசுவினம் எண்டு." வெறுங்காலை மடக்கிக்கொண்டு, "மீன் பிழை எண்டு எனக்குத் தெரியும் அம்மா. அப்பா மற்றப் பக்கம் வைச்சதைக் கண்டனான்" என்றாள்.

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"சொல்ல வந்தனான். நீங்கள் பிறகு கதைக்கலாமெண்டு சொன்னனீங்கள்." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இப்ப கதைக்கலாமோ?"

மறுநாளே மீனைக் குப்பையில் எறிந்தேன். இப்போது நாள்தோறும் பன்னிரண்டு மணிக்கு நானும் கணவரும் தொலைபேசியில் கதைத்துக்கொள்கிறோம். "பிழை ரெண்டு பேரிலயுந்தான்" என்று அவர் பெருந்தன்மையோடு சொல்கிறார். ஒட்டிய கை என்னுடையது.

மாலைகளில் கீர்த்தனி தந்தையோடு சிரிக்கிறாள், சண்டை பிடிக்கிறாள். காலைகளில் மட்டும் வாய் திறப்பதில்லை. வெள்ளிக்கிழமை அந்தக் கதவைத் துடைக்கும்போது என் முதுகுக்குப் பின்னால் "அம்மா" என்று கேட்கிறது. துடைப்பதை நிறுத்தினால் மறுபடியும் கேட்கிறது. மூன்றாம் முறை கேட்டதும் திரும்புகிறேன். அவள் வாயை மூடிக்கொண்டு மென்று கொண்டிருக்கிறாள். நான் சொல்லிக்கொடுத்தபடியே.

கடந்த வெள்ளி வீட்டைக் கழுவவில்லை. அடுப்பையும் மூட்டவில்லை. கடையில் வாங்கிய பாண் துண்டுகளை அவள் முன் வைத்துவிட்டு, எதிரே கதிரையில் அமர்ந்தேன்.

"சொல்லு பிள்ளை. அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறன்."

வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தாள்.

"பரவாயில்லை அம்மா. உங்களுக்கு பஸ் போயிடும்" என்றாள், அறிமுகமில்லாத ஒருவரிடம் பேசும் மரியாதையோடு. "பிறகு கதைப்பம்."

பஸ்ஸை விட்டுவிட்டுக் காத்திருந்தேன். அவள் புத்தகப் பையைக் கொளுவிக்கொண்டு வாசலில் போய் நின்றாள்.

இழந்தவை: இடது காற் சப்பாத்து ஒன்று. சித்திரத் தாள் ஒன்று. ஒன்றரை மணி முதல் மூன்றே முக்கால் வரையான நேரம். தொண்ணூற்றாறு பாடசாலைக் காலைகள். அவள் சொல்ல வந்த மற்றவை எத்தனை என்று எனக்குத் தெரியாது.