இறங்க மறுத்த கால்கள்

அக்காவால் படி ஏற முடிந்தது. இறங்கத்தான் முடியவில்லை.

இதை யாரிடம் சொன்னாலும் சிரித்தார்கள். ஏறுவதுதானே கஷ்டம்? மூச்சு வாங்குவது ஏறும்போதுதானே? ஆனால் இரண்டாவது மாடியின் படிக்கட்டு உச்சியில் அக்கா நின்று, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு வலது காலைக் கீழ்ப்படிக்கு நீட்டினால், மேலே ஊன்றி நிற்கும் இடது முட்டி வெடவெடவென்று ஆடியது. காலை மாற்றிப் பார்த்தாலும் அதே கதை. கீழ்ப்படியைத் தொடுவதற்கு முன்பே பாதம் பின்வாங்கிவிடும்.

அக்காவுக்கு வயது எழுபத்தாறு. நிமோனியா வரும்வரை இதே படியில் தினமும் இறங்கி, அதே கட்டடத்தின் கீழே இருக்கும் தன் சைக்கிள் கடையைத் திறந்துகொண்டிருந்தவர். காய்ச்சலில் மூன்று வாரம் படுத்தார். நுரையீரல் தேறிவிட்டது, தொடை இளைத்துவிட்டது. வயதான உடம்பில் தசை என்பது வாடகைக்குக் குடியிருப்பவரைப் போல. கொஞ்ச நாள் வேலை கொடுக்காமல் விட்டால், சொல்லாமல் கொள்ளாமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடும். திரும்ப அழைத்து வருவதற்குத்தான் நாளாகும்.

வேறு ஊரில் இருக்கும் மகன் போனில் தெளிவாகச் சொல்லிவிட்டான்.

"அம்மா, அடுத்த மாசக் கடைசியில வரேன். நீயே தனியா இறங்கி கடைக்கு வந்துட்டேன்னா சரி. இல்லன்னா என்கூட கிளம்பிடு. நம்ம வீட்ல கீழேயே ரூம் ரெடி பண்ணிட்டேன். கடையை யாருக்காவது விட்டுடலாம்."

அவன் கெட்டவனில்லை, பயந்தவன். அந்த அறையில் கட்டில் இருக்கும், டிவி இருக்கும், வெயில் வரும் ஜன்னல்கூட இருக்கும். பஞ்சர் ஒட்ட ஒரு டியூப் இருக்காது.

அக்காவோடு இருக்கும் தம்பி, பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர். வேலையை விட்ட பிறகும் கழுத்தில் இருந்த விசிலை விடவில்லை. அதனால் தெருவில் அவர் பெயரே விசில். பிசியோதெரபிஸ்ட் ஒரு பெண் வந்து, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சியைக் காட்டிவிட்டுப் போனதும், மற்றதை விசில் தன் கையில் எடுத்துக்கொண்டார். கூடவே ஸ்டாப்வாட்சையும் எடுத்துக்கொண்டார்.

"ரெடி, ஸ்டார்ட்! எழு! எழு! என்னக்கா, கல்யாணப் பொண்ணு மாதிரி தயங்கித் தயங்கி எழுந்திரிக்கிறே?"

"டேய், அந்த விசிலை வாயிலேர்ந்து எடு. இல்லேன்னா முழுங்க வச்சிடுவேன்."

திட்டினாலும் அக்கா ஒரு நாள்கூட நிறுத்தவில்லை. முகம் சிவக்க, மூக்கு நுனியில் வியர்வை சொட்ட எழுவார். ஒரு நிமிடத்துக்குள் எழும் எண்ணிக்கை நாளுக்கு நாள் கூடிக்கொண்டே வந்தது. ஒரு நாள் கடை மெக்கானிக்கும் விசிலும் சேர்ந்து அவரை நாற்காலியோடு கீழே இறக்கினார்கள். திரும்பி அவரே நடந்து ஏறினார். நடுவில் ஒரே ஒரு இடத்தில் நின்றார். மூச்சு வாங்கத்தான் நிற்கிறார் என்று பார்த்தால், "இந்த பல்பை மாத்தச் சொல்லு" என்றார்.

மறுநாள் இறங்கப் பார்த்தார். முட்டி ஆடியது.

"பயம்க்கா. எல்லாம் மனசுதான்" என்றார் விசில்.

"மனசு நடுங்கினா நெஞ்சு படபடக்கணும். முட்டி எதுக்குடா ஆடுது?"

கடையில் யாராவது வந்து சைக்கிளில் சத்தம் வருகிறது என்றால், பழைய வண்டி அப்படித்தான் இருக்கும் என்று அக்கா சொல்லமாட்டார். எப்போது வருகிறது, மிதிக்கும்போதா, மிதிக்காதபோதா, மேட்டிலா, இறக்கத்திலா என்று குடைவார். இப்போது தன் காலையே அப்படிக் குடைந்துகொண்டிருந்தார். பிடிபடவில்லை.

அன்று மத்தியானம் முதல் மாடியில் கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டரம்மா கையுறையைக்கூடக் கழற்றாமல் மேலே ஏறி வந்தார்.

"அம்மா, இங்க என்னதான் நடக்குது? நான் வாயில ட்ரில்லை வைக்கிற நேரம் பார்த்து மேல தொம்முனு ஒரு சத்தம். பேஷன்ட் பதறிப்போய் என் விரலைக் கடிச்சிட்டாரு."

"எக்சர்சைஸ் நடக்குது டாக்டர்" என்றார் விசில், மார்பை நிமிர்த்திக்கொண்டு. "அக்கா, செஞ்சு காட்டு."

விசில் ஊதினார். அக்கா எழுந்தார், பூனை நடப்பதுபோல் ஓசையே இல்லை. உட்கார்ந்தார். தொம்! நாற்காலி ஒரு விரல்கடை பின்னால் நகர்ந்தது.

"எழும்போது ஒண்ணும் இல்லையே" என்றார் டாக்டரம்மா. "உட்காரும்போதுதான் இடி இடிக்குது."

"உட்கார்றது கணக்குல வராது டாக்டர். எழறதைத்தான் எண்ணுவேன். உட்கார்றதுல நேரத்தை வீணாக்காதேன்னு நான்தான் சொல்லியிருக்கேன்."

அக்கா கையைத் தூக்கி இருவரையும் நிறுத்தினார்.

"நான் உட்காரவே இல்லடா விசில். இத்தனை நாளும் விழுந்துக்கிட்டிருக்கேன்."

விஷயம் இதுதான். தொடையின் முன்பக்கத் தசை இரண்டு விதமாக உழைக்கிறது. எழும்போது அது சுருங்கி நம்மைத் தூக்குகிறது, பெடலை மிதிப்பது மாதிரி. உட்காரும்போது அதே தசை பாரத்தைத் தாங்கிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக நீள்கிறது, இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விடுவது மாதிரி. படி இறங்குவதென்றால் ஒற்றைக்காலில் நின்று மொத்த உடம்பையும் அந்தப் பிரேக்கில் கீழே விடுவது. தொப்பென்று விழுந்தால் பிரேக்குக்கு வேலையே இல்லை. அக்கா பெடலை மட்டும் பழக்கிவிட்டுப் பிரேக்கை மறந்திருந்தார்.

பிசியோதெரபிஸ்டுக்குப் போன் போட்டார்கள்.

"ஆமாம்மா, அதேதான். அன்னிக்கே சொன்னேனே, மெதுவா உட்காருங்கன்னு."

போனை வைத்ததும் விசில் மெல்லக் கேட்டார். "சொன்னாங்களா என்ன?"

"சொல்லியிருப்பாங்க. நீ ஸ்டாப்வாட்சுக்கு பேட்டரி தேடிக்கிட்டு இருந்தே. நான் உன்னைத் திட்டிக்கிட்டு இருந்தேன்."

அதற்குப் பிறகு அக்கா மெதுவாக உட்காரப் பழகியதைப் பார்த்திருக்க வேண்டும். முதல் நாள் பாதி வழியில் கால் கைவிட்டது. மிச்சத்துக்கு விழத்தான் விழுந்தார். மறுநாள் தொடை ரணமாக வலித்தது. பழகாத வேலை செய்த தசை அப்படித்தான் வலிக்கும் என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னதும், ஒரு நாள் விட்டு மறுபடி ஆரம்பித்தார். நாற்காலியில் உட்கார வேண்டிய ஒவ்வொரு தடவையையும், சாப்பாட்டுக்கோ போன் பேசவோ செருப்பு மாட்டவோ, பயிற்சியாக்கிக்கொண்டார். அது கைவந்ததும், சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒரு தாழ்ந்த பலகைமேல் நின்று, ஒரு குதிகாலை மட்டும் தரையில் மெல்ல வைத்து எடுத்தார். வாழ்நாள் முழுக்க "சீக்கிரம்" என்றே கத்திய விசில், பக்கத்தில் நின்று "மெதுவா, மெதுவா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

மாசக் கடைசியில் மகன் வந்தான். அக்கா படிக்கட்டின் உச்சிக்கு வந்ததும், அவன் இரண்டு படி கீழே போய்க் கைகளை விரித்துக்கொண்டு நின்றான்.

"தள்ளுடா. கோல்கீப்பர் மாதிரி நிக்கிறான்."

அவன் சுவரோடு ஒட்டிக்கொண்டான். அக்கா கைப்பிடியைப் பற்றினார். வலது கால் கீழே போனது. இடது முட்டி மடங்கியது, லேசாக நடுங்கியது, ஆனால் தாங்கியது. பாதம் படியைத் தொட்டது. அடுத்த படி. அதற்கு அடுத்தது. மகன் மூச்சுவிட மறந்து பின்னாலேயே இறங்கினான். முதல் மாடி வந்தபோது டாக்டரம்மாவும் வாயில் பஞ்சோடு ஒரு பேஷன்டும் வாசலில் நின்று பார்த்தார்கள். அக்கா யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் கண் அடுத்த படியின் விளிம்பில் இருந்தது.

கீழே வந்து, கடைக்குள் போய், மெக்கானிக் கழற்றி வைத்திருந்த ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்தார். கோணல்.

மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். ரூம் பேச்சை அதோடு விட்டுவிட்டான்.

"எப்படிம்மா? என்ன மருந்து சாப்பிட்டே?"

"மருந்தெல்லாம் இல்லடா. நாற்காலியில தொப்புனு விழாம, கையை ஊன்றாம, மூணு மூச்சு விடற நேரம் எடுத்து மெதுவா உட்கார்ந்தேன். படி இறங்கறதும் அதே வேலைதான்."