அறுபத்து மூன்று எரர்

சுப்பண்ணனுடைய பனியன் கம்பெனி வெப்சைட்டை வேலிடேட்டரில் போட்டதும் அறுபத்து மூன்று எரர் வந்தது. வெப்சைட்டின் கோடில் எந்த வரியில் என்ன தப்பு என்று காட்டிக்கொடுக்கும் கருவி அது. காட்டிக்கொடுத்த வேகத்தில் கம்ப்யூட்டர் விட்ட சூட்டுக்குப் பக்கத்து ரூமில் இரண்டு டஜன் டி-ஷர்ட்டை அயர்ன் பண்ணினார்கள். சந்தேகம் இருந்தால் அயர்னிங் மாஸ்டரைக் கேட்டுக்கொள்ளலாம்.

சுப்பண்ணன் செக்கிங்கிலிருந்து சின்னத்தாயை வரச்சொன்னார். துணியில் டேமேஜ் கண்ட இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது அவள் வேலை. ஒவ்வொரு எரருக்கும் நேராகத் திரையில் ஒட்டினாள். கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் அஹ்ஸன் மவுஸை உருட்டினான். எரர் மேலே போனது. அம்பு அங்கேயே நின்றது.

"ஏனுங்க தம்பி, டேமேஜ் நடக்குதுங்களே!"

சுப்பண்ணன் அஹ்ஸனிடம் திரும்பினார். "இதைய எழுதுன புள்ளைகிட்டயே கேட்டுச் சரிபண்ணு தம்பி. சரக்கு வாங்கற வெளிநாட்டு பையர் இதையப் பாக்க ரெண்டு மாசம் இருக்குது."

அந்தப் பிள்ளை அல்ஃபியா. இரண்டு வருஷம் அஹ்ஸனுக்கு எதிர் நாற்காலி. மூன்று மாதம் முன்பு, அத்தா வைத்த துணிக்கடையைப் பார்த்துக்கொள்ளத் தாராபுரம் போய்விட்டாள். போகும் அன்று அவன் சொல்ல நினைத்தது வேறு. "சார்ஜரை மறந்துராதீங்க" என்பதுதான் வாயில் வந்தது. அன்றிலிருந்து அவள் நம்பரில் ஒன்பது இலக்கம்வரை தினமும் போடுவான். பத்தாவதற்குக் காரணம் இல்லை.

இப்போது அறுபத்து மூன்று காரணம். நாளுக்கு ஒன்று என்றால் நோன்புப் பெருநாள்வரை ஓடும்.

முதல் நாள், பட்டியலின் அடியிலிருந்து ஆகச் சின்ன எரரை எடுத்தான். பதினொரு நிமிஷப் பேச்சு. அதில் எரருக்கு நான்கு.

"என்ற சேர்ல ஆருங்க இப்ப?"

"ஆருமில்லீங்க. கேக்கறவங்ககிட்ட ஆடுதுன்னு சொல்லி வெச்சிருக்கறனுங்க."

இரண்டாம் நாள் அவளே, "உச்சியில இருக்கறதைப் படிங்க" என்றாள். படித்தான்.

"அட, மெனுவுல லிங்க் ஒண்ணைத் தொறந்துட்டு மூடாம உட்டுட்டனாட்டங்க. மூடிட்டு மறுக்கா ஓட்டிப் பாருங்க."

மூடினான். ஓட்டினான். மிச்சம் அத்தனையும் ஒரே நொடியில் போயிற்று. திறந்துகிடந்த ஒன்றுதான் கீழே இருந்ததையெல்லாம் தப்பாகக் காட்டியிருக்கிறது. திரையில் ஒற்றைப் பச்சை வரி.

"நல்லதாப் போச்சுங்க" என்றாள் அல்ஃபியா. குரலில் நல்லது எதுவும் இல்லை. வைத்துவிட்டாள்.

சுப்பண்ணன் கம்பெனிக்கே மைசூர்பாகு கொடுத்தார். அஹ்ஸன் அதைச் சாவு வீட்டுக் காப்பிபோலக் கையிலேயே வைத்திருந்தான்.

மூன்றாம் நாள் காலை, அந்த லிங்க்கைத் திரும்பவும் திறந்துவிட்டான். அறுபத்திரண்டும் குடும்பத்தோடு வந்து இறங்கின. பார்த்துக்கொண்டே இருந்தான். எழுதியவள் அவள், தப்பு அவள் பேரில்தான் போய் விழும். மூடிவிட்டுப் பத்து இலக்கத்தையும் போட்டான்.

"எரருங்களா?"

"இல்லீங்க."

திருப்பூரில் அந்த நேரம் ஒரு மெஷின்கூட ஓடவில்லை. கரண்ட் போனதென்று சொல்கிறார்கள்.

"அப்பறம்?"

"சும்மாதானுங்க."

"கடையில ஆளுங்க" என்றாள் மெதுவாக. ஆனால் வைக்கவில்லை. போனை எங்கேயோ சாய்த்து வைத்தாள். துணி கிழிபடும் சத்தமும், நடுவில் அவள் குரலும் கேட்டன. அன்று தாராபுரத்தில் யார் யார் எத்தனை மீட்டர் எடுத்தார்கள் என்று அஹ்ஸன் இன்றைக்கும் சொல்லுவான்.