போர்டு ஏறினால்தான் ஆபீஸ்

வினோதினிக்கு வேலை கிடைத்துவிட்டது, சர்டிபிகேட்தான் கிடைக்கவில்லை. சிதம்பரம் பயிற்சி மையத்தில் ஆறு மாதம் கண்ணெரிய வெல்டிங் பழகி, கடலூர்க் கம்பெனி ஒன்றின் இன்டர்வியூவில் முதலாவதாக வந்தவள் அவள். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் சர்டிபிகேட்டைக் காட்டாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

மையத்தில் கையை விரித்துவிட்டார்கள். திறன் பயிற்சி முகமையையும் தொழில் வளர்ச்சி முகமையையும் ஒன்றாக்கி, 'ஒருங்கிணைந்த திறன் மற்றும் தொழில் வளர்ச்சி முகமை' என்று மேலிடம் பெயர் சூட்டிவிட்டதாம். பழைய முத்திரை செல்லாதாம்.

"புது முத்திர கடலூர் ஆபீஸ்லதான் இருக்கு, அங்க போம்மா" என்றார்கள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் சேத்தியாத்தோப்பில் பஸ் பிடித்துக் கடலூர் திருப்பாதிரிப்புலியூர் வந்து சேர்ந்தாள். புது ஆபீஸ் வாசலில் வாழைமரம், ரிப்பன், நாற்காலிகள். பதினோரு மணிக்கு அமைச்சர் வந்து திறக்கிறார். பெயர் எழுதிய நீளமான இரும்புப் போர்டு மட்டும் தரையில் கிடந்தது. அதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார் சூப்பிரண்டு தில்லைநாதன்.

"சர்டிபிகேட்டுக்கு இப்ப முத்திர வைக்க முடியாதும்மா. போர்டு ஏறுனாதான் ஆபீஸ். ஏத்தறதுக்கு ஒரு வெல்டர் கெடைக்கல, ஊரெல்லாம் தேடறோம்."

வருஷத்துக்கு இரண்டாயிரம் வெல்டர்களை உருவாக்குவதாக அவர் தலைக்கு மேலேயே ஒரு பேனர் தொங்கியது.

"நான் வெல்டர்தான் சார்."

அவர் முகம் மலர்ந்தது. மலர்ந்த வேகத்திலேயே சுருங்கியது. "சர்டிபிகேட் இருக்கா?"

வினோதினிக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தன. "அதுக்குத்தான் சார் வந்துருக்கேன்!"

தில்லைநாதன் கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, நான் டீ குடிக்கப் போறேன். இங்க நடக்கறத நான் பாக்கல."

பயிற்சிக்கென்று வாங்கி, பெட்டி பிரிக்காமலே ஸ்டோர் ரூமில் தூங்கிய வெல்டிங் மெஷினை வெளியே இழுத்தாள். இரண்டு பியூன்கள் போர்டைத் தூக்கிப் பிடிக்க, ஏணியில் ஏறி நாலு மூலையிலும் டேக் வைத்தாள். டேக் என்றால் சும்மா ஒட்டி நிறுத்துகிற பொட்டு. முழு வெல்டிங் அதற்கப்புறம்தான். அதோடு கையை நிறுத்திக்கொண்டாள்.

தில்லைநாதன் பதறிக்கொண்டு வந்தார். "அமைச்சர் கார் ரயில்வே கேட்டுல நிக்குதாம், எறங்கும்மா!"

"முழுசா அடிக்கல சார். காத்தடிச்சா ரிப்பன் வெட்டறவரு தலையிலதான் எறங்கும். சர்டிபிகேட்டுல முத்திர வச்சுக் குடுங்க, முடிச்சுடறேன்."

தில்லைநாதன் உள்ளே ஓடினார். அவர் சர்வீஸில் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. முத்திரையின் மை காய்வதற்குள் தாள் ஏணிக்கே வந்து சேர்ந்தது. அப்போது அவர் செல்போன் அடித்தது. பேசி முடித்தவர் குரலைத் தணித்தார்.

"டேக்கோடயே உட்டுடும்மா. அடுத்த மாசம் மறுபடியும் ரெண்டாப் பிரிக்கறாங்களாம். கழட்ட ஈஸியா இருக்கும்."

வினோதினி தாளைப் பார்த்தாள். ஆறு மாத உழைப்பின் மேல் அந்த நீளப் பெயர்தான் உட்கார்ந்திருந்தது. தாளை மடித்துப் பத்திரமாகப் பைக்குள் வைத்தாள்.

"என் சர்டிபிகேட்டுல இருக்கற பேரு சார் இது" என்று சொல்லி மாஸ்க்கை முகத்தில் இறக்கினாள். "கழட்ட வர்றவன் கொஞ்சம் கஷ்டப்படட்டும்."